டேங்க் நிறைந்தாலும் நிற்க வேண்டும்... போர் வற்றினாலும் நிற்க வேண்டும்!

போன சித்திரையில் கறம்பக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்குத் தென்னந்தோப்பு பார்க்கப் போயிருந்தேன். காண்டாமிருக வண்டுதான் விஷயம். தோப்பைச் சுற்றிவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டு அப்பத்தா குடத்திலிருந்து மொண்டு கொடுத்துக்கொண்டே, "நல்லாக் குடிங்க தம்பி. ஆனா இது நம்ம வீட்டுத் தண்ணியில்ல. மோட்டாரு எரிஞ்சு நாலு நாளாச்சு. அடுத்த வீட்டுலதான் தூக்கியாறேன்" என்றார்.

எப்படி எரிந்தது என்று கேட்டேன். அவர் சொன்ன கதையிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

மகன் சிங்கப்பூரில். மருமகளும் பேரப்பிள்ளைகளும் படிப்புக்காகப் புதுக்கோட்டையில். வீட்டில் அப்பத்தா மட்டும். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போனால் மறந்துவிடும். டேங்க் நிறைந்து வழிந்து, மாடிப் படியெல்லாம் பாசி. போன கார்த்திகையில் அந்தப் படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. பொங்கலுக்கு வந்த மகன், "இனிமே நீ சுவிட்சைத் தொடவே வேணாம் ஆத்தா" என்று சொல்லி ஒரு தானியங்கிப் பெட்டி வாங்கி மாட்டிவிட்டுப் போனார். மாடி டேங்குக்குள் ஒரு மிதவை. தண்ணீர் இறங்கினால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். மூன்று மாதம் பிரமாதமாக வேலை செய்தது.

சித்திரையில் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒருநாள் ராத்திரி, டேங்க் காலி என்று மிதவை சொல்லியது. மோட்டார் ஓடியது. மேலே தண்ணீர் ஏறவில்லை. ஏறாத வரைக்கும் மிதவை "இன்னும் நிறையவில்லை" என்றுதானே சொல்லும்? விடிய விடிய மோட்டார் வெறும் காற்றை இழுத்து ஓடியிருக்கிறது. காலையில் பலகைப் பக்கம் போனால் கருகிய வாடை.

"நான் மறந்தப்பல்லாம் தண்ணிதான் போச்சு. இந்தப் பெட்டி மோட்டாரையே கொண்டுபோயிருச்சு" என்றார் அப்பத்தா. குழாய்களை மேலே தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கி, புது கேபிள் போட்டதில் பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவு.

பெட்டியில் பழுது எதுவும் இல்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்த வேலையை அது சரியாகத்தான் செய்தது. ஆள் நின்று மோட்டார் போடும்போது கண் மேலேயும் பார்க்கும், கீழேயும் பார்க்கும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வரவில்லை என்றால் ஓடிப்போய் நிறுத்துவோம். அந்த இரண்டு கண்களில் ஒன்றுக்கு மட்டும் பெட்டி வைத்தார்கள். இன்னொன்று குருடாகிவிட்டது. வீட்டுக்குத் தானியங்கி வைப்பது பற்றி நமக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் "டேங்க் வழியாமல் நிறுத்துவது எப்படி?" என்றுதான் இருக்கின்றன. வழிவதை நிறுத்துவது சுலபமான பாதி. கடினமான பாதி கீழே இருக்கிறது.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

எனக்கு வந்த கடிதங்களில் பாதிப் பேருக்குப் பெட்டியே தேவையில்லை என்பது என் கருத்து. கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீர் தரைத் தொட்டியில் விழுகிறது, தொட்டி நிறைந்து தெருவில் ஓடுகிறது என்றால், அதற்குக் கரன்ட்டே வேண்டாம். குழாய் முனையில் ஒரு பால் வால்வு போதும். தண்ணீர் ஏற ஏற அதன் பந்து மேலே வந்து குழாயை அடைத்துவிடும். சில நூறு ரூபாய்தான். பந்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அடைக்காது, அப்போது பந்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது, மறதிதான் பிரச்னை என்றால், டேங்க் நிறைந்ததும் சத்தம் போடும் அலாரம் ஒன்று போதும். அதுவும் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. நிறுத்துவது நம் கையில்தான் இருக்கும், காதுக்கு மட்டும் ஒரு துணை.

முழுத் தானியங்கி தேவைப்படுவது வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கும், எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டுக்கும், போரில் தண்ணீர் விட்டுவிட்டு ஊறுவதால் ஒரு நாளைக்கு நாலைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டிய வீட்டுக்கும்தான். நம் மாவட்டத்தில் மேற்கே பாறை. கிழக்கே கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கம் வர வர மணற்பாறைப் படிவம். இந்தப் பக்கத்துப் போர்கள் ஐந்நூறு அடிக்கு மேல் போவது இன்றைக்குச் சாதாரணம். அவ்வளவு ஆழத்தில் தொங்கும் மோட்டாருக்கு என்ன நடக்கிறது என்பதை நாம் மேலே இருந்து பார்க்க முடியாது.

மிச்சமாவது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரன்ட் பில் பெரிதாகக் குறையும் என்று நினைத்து வாங்காதீர்கள். அரை எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தினமும் கால் மணி நேரம் வீணாக வழிந்தால், 2 மாதத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட். தண்ணீர்க் கணக்கு வேறு. நிமிஷத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டார் கால் மணி நேரத்தில் 450 லிட்டரை வழியவிடும். 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாம் படியில் ஓடவிடுவது எட்டு ஆளின் பங்கு. அதைவிடப் பெரிய மிச்சம், எரியாமல் தப்பிக்கும் மோட்டார்.

பெட்டி வாங்கும் முன் ஒரு வாளியும் கடிகாரமும்

கடைக்குப் போவதற்கு முன்னால் மூன்று விஷயங்களை அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் இதைச் செய்யாமல் பெட்டி வாங்கினால் அதை என்ன அளவில் திருகி வைப்பது என்று உங்களுக்கும் தெரியாது, மாட்ட வருகிறவருக்கும் தெரியாது.

டேங்குக்குள் விழும் குழாய்க்கு அடியில் 15 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 30 விநாடியில் நிறைந்தால் நிமிஷத்துக்கு 30 லிட்டர். அப்படியானால் 1000 லிட்டர் டேங்க் காலியிலிருந்து நிறைய 33, 34 நிமிஷம். இது முதல் அளவு.

அடுத்தது, போர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பது. மோட்டாரைப் போட்டு, தண்ணீர் கெட்டியாக வருவது எத்தனையாவது நிமிஷத்தில் விட்டுவிட்டு வர ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். விட்டுவிட்டு வந்த உடனே நிறுத்திவிட வேண்டும். பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் போட்டால் மறுபடி பழையபடி வருகிறது என்பது மூன்றாவது அளவு. இந்த இரண்டையும் ஐப்பசி, கார்த்திகையில் அளந்து பிரயோஜனம் இல்லை. பங்குனி, சித்திரையில் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் கொட்டும் போர், கோடையில் இருபது நிமிஷத்தில் காற்றை இழுக்கும். அப்பத்தா வீட்டில் மகன் வந்து மாட்டியது தை மாதம். அப்போது போர் நிறையத் தண்ணீர். யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மேல் கண்

டேங்கில் வைப்பது பெரும்பாலும் மூன்று விதம். வயரில் தொங்கும் மிதவை ஒன்று. தண்ணீரோடு சேர்ந்து ஏறி, தலைகீழாகக் கவிழும்போது உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் மாறும். இரண்டாவது, நின்ற குச்சியில் காந்த மிதவை ஏறி இறங்குவது. மூன்றாவது, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கம்பியைத் தொட்டதும் பெட்டிக்குச் செய்தி போகும்.

எது வாங்கினாலும் "ஓடு" என்பதற்கு ஒரு மட்டம், "நில்" என்பதற்கு வேறு ஒரு மட்டம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மட்டம் என்றால், யாராவது ஒரு செம்பு தண்ணீர் பிடித்தாலும் மோட்டார் ஓடும், உடனே நிற்கும், திரும்ப ஓடும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல நாலைந்து மடங்கு கரன்ட் இழுக்கும். காயில் சூடாவதும் கண்டென்சர் போவதும் இப்படி அடிக்கடி கிளம்புவதால்தான். 1000 லிட்டர் டேங்க் என்றால், கால் பங்குக்கு இறங்கியதும் ஓடி, வழியும் துவாரத்துக்கு அரை அடி கீழே நிற்கும்படி வையுங்கள். வயர் மிதவையில் இந்த இடைவெளியைத் தீர்மானிப்பது வயரில் கோத்திருக்கும் எடைக்கட்டி. அதை மிதவைக்குப் பக்கத்தில் நகர்த்தினால் இடைவெளி குறையும், தள்ளி வைத்தால் கூடும். மாட்டுகிறவர்கள் பலர் அந்தக் கட்டியை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

வயர் மிதவையில் எனக்கு ஒரு பயம் உண்டு. மலிவாக முடிக்க, வீட்டு 230 வோல்ட் கரன்ட்டை நேராக அந்த மிதவைக்குக் கொண்டுபோய்த் திருப்புகிறார்கள். நாலைந்து வருஷ வெயிலில் வயர் தோல் வெடித்தால், நாம் குளிக்கிற தண்ணீரில் கரன்ட். டேங்குக்குள் போவது 12 வோல்ட் மாதிரி சிறு மின்சாரமாகத்தான் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள ரிலேயோ தனிக் கான்டாக்டரோதான் மோட்டாரின் கரன்ட்டைத் தாங்க வேண்டும். கடையில் கேட்கும்போது, "டேங்குக்குள்ள எத்தனை வோல்ட் போகுது?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

எஃகுக் கம்பிக்கு உப்பும் இரும்புச் சத்தும்தான் எதிரி. மேலே படிந்துவிட்டால் தண்ணீர் தொட்டாலும் செய்தி போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துவிட்டால் போதும்.

வயர் நுழைக்க டேங்க் மூடியில் துளை போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வயரைச் சுற்றி ரப்பர் வளையம் வைத்து அடையுங்கள். வெயிலில் போகும் வயரைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோனால் அணிலும் கடிக்காது.

கீழ்க் கண்

தரைத்தொட்டியிலிருந்து ஏற்றுகிற வீட்டுக்கு இது சுலபம். தொட்டியின் அடியில் இன்னொரு மிதவை. மேலே எவ்வளவு கேட்டாலும், கீழே தண்ணீர் இருந்தால்தான் மோட்டார் ஓடும்படி இரண்டையும் கோத்துவிடுவார்கள். ஃபுட்வால்வு எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும்படி, அதற்கு ஓர் அடி மேலே நிற்க வேண்டும்.

போரில் ஐந்நூறு அடிக்கு மிதவை இறக்க முடியாது. அதற்கு வேறு வழி, மோட்டார் இழுக்கும் கரன்ட்டைப் பார்ப்பது. தண்ணீரைத் தூக்கும்போது மோட்டாருக்குப் பாரம் இருக்கும், ஆம்பியர் அதிகம். தண்ணீர் இல்லாமல் சும்மா சுற்றும்போது பாரம் குறையும், ஆம்பியரும் குறையும். வெறும் வண்டியை இழுக்கிற மாட்டுக்கு மூச்சு வாங்காது அல்லவா, அதுமாதிரி. அப்பத்தா வீட்டில் மோட்டாரைத் திரும்ப இறக்கிய அன்று நானும் போயிருந்தேன். நல்ல தண்ணீர் வரும்போது பெட்டியில் 7 ஆம்பியர் காட்டியது. காற்று கலந்ததும் 5-க்கு வந்துவிட்டது. இந்த இறக்கத்தைக் கண்டு நிறுத்துவதைத்தான் கடைக்காரர்கள் 'ட்ரை ரன்' பாதுகாப்பு என்கிறார்கள். அந்த மோட்டாருக்கு 6-க்குக் கீழே வந்தால் சில விநாடியில் நிறுத்தும்படி வைத்தோம். உங்கள் மோட்டாருக்கு எண் வேறாக இருக்கும். ஓடவிட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சாயங்காலம் வோல்டேஜ் குறையும் நேரத்திலும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள், அப்போது ஆம்பியர் மாறும்.

நீர்மூழ்கி மோட்டாருக்கு இது ஏன் உயிர் பிரச்னை என்றால், அதைக் குளிர வைப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். உள்ளே தேய்மானம் இல்லாமல் சுற்றுவதும் தண்ணீரால்தான். தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் அடிப் பேரிங் தேயும், பிறகு காயில் கருகும். மேலே இருக்கிற நமக்கு ஒரு சத்தமும் கேட்காது.

நிறுத்தியதும் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி முயல வேண்டும் என்பதையும் பெட்டியில் வைக்கலாம். இங்கேதான் நீங்கள் சித்திரையில் எழுதிவைத்த அளவு உதவும். ஊற 2 மணி நேரம் ஆகிற போருக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தால், ராத்திரி முழுக்க மோட்டார் கிளம்பி, காற்றை இழுத்து, நின்று, கிளம்பிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு வைத்தும் எரிந்த மோட்டாரை நான் பார்த்திருக்கிறேன், காரணம் இதுதான்.

மூன்றாவதாக ஒரு மணி

மேலே மிதவை, கீழே ட்ரை ரன். இரண்டும் வைத்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. மிதவை சிக்கிக்கொள்ளலாம். மாடிக்குப் போகும் குழாய் இணைப்பு விட்டுப்போகலாம். தண்ணீர் தோட்டத்தில் கொட்டும், மோட்டாருக்குப் பாரம் இருக்கும், ஆம்பியர் குறையாது, டேங்கும் நிறையாது. தரைத்தொட்டி மோட்டாரில் ஃபுட்வால்வு ஒழுகி ஏர் பிடித்துவிட்டால், தொட்டியில் தண்ணீர் இருக்கும், மோட்டாருக்குள் இருக்காது. கீழ் மிதவை "தண்ணீர் இருக்கு, ஓடு" என்றே சொல்லும்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து நேரக்கட்டுப்பாடு. உங்கள் டேங்க் 34 நிமிஷத்தில் நிறையும் என்று அளந்தீர்கள் அல்லவா? 45 நிமிஷத்துக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே மூச்சில் ஓடக்கூடாது என்று வைத்துவிடுங்கள். 45 ஆகியும் நிறையவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது. மோட்டார் நின்று, ஆள் வந்து பார்க்கும் வரை ஓடாமல் இருக்கட்டும். கோடையில் போர் இருபது நிமிஷம்தான் தாங்கும் என்றால், கெடுவைப் பதினைந்து நிமிஷமாகக் குறைத்து, இடையில் 2 மணி நேரம் ஓய்வு கொடுத்து, துண்டு துண்டாக எடுங்கள். ஒரு நாளைக்கு நாலு முறை பதினைந்து நிமிஷம் எடுத்தால், நிமிஷத்துக்கு 30 லிட்டர் வரும் மோட்டாரில் 1800 லிட்டர். ஒரு வீட்டுக்கு இது ஏராளம். நான் படித்தது வேளாண்மை, மின்சாரம் அல்ல. ஆனால் இத்தனை வருஷத்தில் பார்த்த எரிந்த மோட்டார்களில் பாதியை இந்த ஒரு கெடு காப்பாற்றியிருக்கும் என்று தைரியமாகச் சொல்வேன்.

இப்படி மூன்றும் உள்ள பெட்டி, ஒரு பேஸ் மோட்டாருக்கு, சுமாராக இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கும்போது, கரன்ட் போய்த் திரும்ப வந்ததும் உடனே கிளம்பாமல் சில நிமிஷம் பொறுத்துக் கிளம்பும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். கரன்ட் வந்த நொடியில் ஊரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும்.

கையால் போடும் வழியை அடைத்துவிடாதீர்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா நம் பகுதியை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து வீடு வீடாகப் போய் டேங்க் நிரப்பினார்கள். அந்த மாதிரி நாளில் ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கும். தானியங்கிப் பெட்டி பயந்து மோட்டாரைக் கிளப்பவே மறுக்கலாம். ஆகவே 'ஆட்டோ, ஆஃப், மேனுவல்' என்று மூன்று நிலை உள்ள ஒரு திருகு சுவிட்ச் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். மேனுவலில் பெட்டி முழுவதையும் தாண்டி மோட்டார் நேராக ஓட வேண்டும். ஓடும் நேரம் முழுக்க ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் செருகிவிடாதீர்கள். மெயினிலிருந்து பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் செருகினால் கரன்ட் பின்னோக்கித் தெருக் கம்பிக்குப் போகும். கம்பத்தில் ஏறி நமக்காக வேலை செய்துகொண்டிருப்பவர் உயிர் போய்விடும்.

தானியங்கியில் இன்னொரு ஆபத்து, அது சொல்லாமல் கிளம்பும் என்பது. டேங்க் கழுவப் போனாலும், மோட்டாரைத் தொட்டாலும், சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் நல்ல எர்த்தும் இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும். அளந்து எழுதிவைப்பது உங்கள் வேலை, வயரைத் தொடுவது அவர் வேலை.

ஒழுகல் கண்ணுக்குத் தெரியாமல் போகும்

எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெட்டி வைத்த பிறகு டேங்கைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டோம். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்து, மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் யார் தண்ணீர் பிடிக்கிறார்கள்? கழிப்பறைத் தொட்டியில் ரப்பர் தேய்ந்து தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. கையால் மோட்டார் போட்ட காலத்தில், "நேற்றுத்தானே நிரப்பினோம், அதற்குள் காலியா?" என்று மறுநாளே கண்டுபிடித்திருப்போம்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்கிறேன். ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை ஓடாதபடி நேரம் வையுங்கள். மோட்டார் ஓடும்போது எரிகிற சின்ன விளக்கு ஒன்றை அடுப்படியில் வையுங்கள். அப்பத்தா வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு வைத்துக் கொடுத்தோம். பெட்டியில் ட்ரை ரன் 6 ஆம்பியர், கெடு பதினைந்து நிமிஷம், ஓய்வு 2 மணி நேரம். விளக்கு எரிந்தால் காலண்டரில் ஒரு கோடு போடச் சொன்னேன். "எழுதப் படிக்கத் தெரியாட்டி என்ன, கோடு போடத் தெரியாதா?" என்று சிரித்தார். ஆனியில் பார்த்தபோது தினமும் மூன்று கோடு, நாலு கோடு. ஒரு நாளுக்கு மட்டும் ஏழு. "அன்னைக்கு மாட்டுத் தொட்டிக் குழாயை அடைக்காம விட்டுட்டேன். ஏழாவது கோட்டுலதான் நெனப்பு வந்துச்சு" என்றார்.

வாசகர் கேள்விகளில் சில

"இதே பெட்டியைத் தோட்டத்து மோட்டாருக்கும் வைக்கலாமா?" (ஆலங்குடி வட்டத்திலிருந்து ஒரு விவசாயி)

கூடாது. அது மூணு பேஸ். அங்கே வற்றுவதோடு, ஒரு பேஸ் மட்டும் போய்விடும் ஆபத்தும் உண்டு. இரண்டு பேஸில் ஓடும் மோட்டார் சீக்கிரம் எரியும். பேஸ் போனால் நிறுத்தும் பாதுகாப்பு உள்ள ஸ்டார்ட்டர் தேவை. நம் தோட்டங்களில் ஏற்கனவே 'ஆட்டோ' போட்டுவிட்டு வரும் பழக்கம் உண்டு. அந்த ஆட்டோவில் ட்ரை ரன் பாதுகாப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். கைபேசியில் இயக்கும் பம்ப்செட் கட்டுப்பாட்டுக் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் கொடுக்கப்பட்டு வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கீடு மாறும் என்பதால், வாங்கிவிட்டுப் போகாமல், விண்ணப்பித்துவிட்டு வாங்குங்கள்.

"மாடி டேங்க் ஒன்று, மாட்டுக்கொட்டகை டேங்க் ஒன்று. ஒரே மோட்டார். இரண்டுக்கும் மிதவை வைக்கலாமா?" (கறம்பக்குடியிலிருந்து ஒரு வாசகி)

மாடி டேங்குக்கு மட்டும் மிதவையும் பெட்டியும் வையுங்கள். கொட்டகை டேங்கை மாடி டேங்கிலிருந்து தானாக இறங்கும் குழாயில் இணைத்து, அதன் வாயில் ஒரு பால் வால்வு போட்டுவிடுங்கள். மோட்டாரிலிருந்து இரண்டு பக்கமும் குழாய் பிரித்து வால்வைத் திருப்பித் திருப்பி விடுகிற ஏற்பாட்டில், ஒருநாள் இரண்டு வால்வும் அடைத்திருக்கும்போது மோட்டார் கிளம்பும், குழாய் வெடிக்கும்.

"மிதவை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" (வடகாட்டிலிருந்து ஒரு வாசகர்)

மாதத்துக்கு ஒருமுறை, மோட்டார் ஓடும்போது மாடிக்கு ஒருவர் ஏறி, உலர்ந்த குச்சியால் மிதவையை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். கீழே மோட்டார் நிற்க வேண்டும். அடுத்து மிதவையை விட்டுவிட்டு, போரிலிருந்து வரும் கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப் பாருங்கள். ஆம்பியர் இறங்கி, நீங்கள் வைத்த எண்ணுக்குக் கீழே வந்ததும் சில விநாடியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உடனே வால்வைத் திறந்துவிட்டு, மோட்டாரைக் கையால் நிறுத்தி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை மேனுவலில் ஓட்டிக்கொள்ளுங்கள்.